காஸ் பாபிகியூவில் விறகுப் புகை மணம்: எதை வாங்குவது, எதை விடுவது, எப்படிச் செய்வது

காஸில் சுட்ட கோழியையும் விறகில் சுட்ட கோழியையும் ஒரே தட்டில் வைத்தால், கண்ணை மூடிக்கொண்டே எது எது என்று சொல்லிவிடலாம். காஸ் சுத்தமாக எரிகிறது. புரொப்பேனும் பியூட்டேனும் எரிந்தால் மிஞ்சுவது நீராவியும் கரியமில வாயுவும்தான், மணம் தர அதில் ஒன்றுமில்லை. விறகில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் உடையும்போது குவாயகோல், சிரிங்கோல் போன்றவை வெளிவரும். நாங்கள் புகை மணம் என்று சொல்வது பெரும்பாலும் அவற்றைத்தான். ஆகவே சூட்டை காஸ் தரட்டும், மணத்துக்கு ஒன்றிரண்டு கைப்பிடி விறகு போதும்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் இருக்கும் காஸ் பாபிகியூக்களில் பல கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ சொந்தக்காரர் பெட்டியில் போட்டு அனுப்பியவை. கூடவே ஒரு பை நிறைய உபசாமானும் வரும்: மின்விளக்கு பூட்டிய இடுக்கி, பீட்சாக் கல், ஊசி போட்டு மசாலா ஏற்றும் குழல், இன்னும் என்னென்னவோ. அதில் முக்கால்வாசி அலுமாரியிலேயே கிடக்கும். பணம் செலவழிக்க வேண்டிய இடங்கள் இரண்டுதான், காஸ் இணைப்பும் வெப்பமானியும். புகைக்கு வேண்டியது பெரும்பாலும் உங்கள் வளவிலேயே இருக்கிறது.

முதலில் காஸ் இணைப்பு

வெளிநாட்டிலிருந்து வந்த அடுப்பென்றால் பின்பக்கமோ கதவின் உட்பக்கமோ ஒட்டியிருக்கும் தகட்டை முதலில் வாசியுங்கள். அதில் எல்பிஜி அல்லது புரொப்பேன் என்று இருந்தால் சரி. நேச்சுரல் காஸ் என்று இருந்தால் நில்லுங்கள். கனடாவில் வீட்டுக் குழாயில் வரும் இயற்கை வாயுவுக்காகவும் அடுப்புகள் விற்கிறார்கள். அவற்றின் காஸ் துளை பெரியது. எங்கள் சிலிண்டரை அதில் பூட்டினால் நெருப்பு அடங்காமல் எழும்பும். துளைகளை மாற்றாமல் அதைப் பற்றவைக்கவே கூடாது.

அடுத்தது ரெகுலேற்றர். வட அமெரிக்க அடுப்பில் வரும் திருகுமுனை எங்கள் சிலிண்டரில் பொருந்தாது, லண்டன் அடுப்பின் முனையும் அப்படித்தான். இடையில் ஏதாவது இணைப்பு வைத்து ஒட்டவைக்கப் பார்க்க வேண்டாம். பழைய ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு உங்கள் சிலிண்டருக்குரிய உள்ளூர் ரெகுலேற்றரைப் பூட்டுங்கள். அடுப்பின் தகட்டில் எத்தனை மில்லிபார் அழுத்தம் என்று போட்டிருக்கும். ரெகுலேற்றரிலும் அது அடித்திருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். இங்கிலாந்தின் புரொப்பேன் அடுப்புகள் 37 மில்லிபாருக்குச் செய்தவை, வட அமெரிக்காவின் அடுப்புகள் சுமார் 27 மில்லிபாருக்கு. சின்ன வித்தியாசம் என்றால் சுவாலை கொஞ்சம் கூடும், குறையும். ஆனால் சாப்பாட்டுக் கடைகளில் பெரிய அடுப்புக்குப் பூட்டும் உயர் அழுத்த ரெகுலேற்றர் மட்டும் வேண்டவே வேண்டாம். சந்தேகம் என்றால் காஸ் அடுப்பு திருத்துபவர் ஒருவரை வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

காஸ் ரியூப் எஸ்எல்எஸ் என்ற இலங்கைத் தர முத்திரை உள்ளதாக, ஒன்றரை மீற்றருக்கு மேற்படாததாக இருக்கட்டும். இரண்டு முனையிலும் இறுக்கும் கிளிப் கட்டாயம். சவர்க்கார நுரையைத் தூரிகையால் இணைப்புகளில் தடவி, சிலிண்டரைத் திறந்து பாருங்கள். குமிழி வந்தால் கசிவு. இதை ஒவ்வொரு முறை சிலிண்டர் மாற்றும்போதும் செய்யுங்கள். எங்கள் ஊரில் இன்னொரு தொல்லையும் உண்டு: எலியும் அணிலும் ரியூபைக் கடித்துவிடும். வெளியே நிற்கும் அடுப்பென்றால் ரியூபை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள்.

எல்பிஜி காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் நிலத்தோடு தங்கும். அதனால் அடுப்பை விறாந்தையின் மூலையிலோ வாகனம் விடும் கொட்டிலிலோ வைக்கக் கூடாது, திறந்த முற்றத்தில்தான் வைக்க வேண்டும். பற்றவைக்கும்போது மூடி எப்போதும் திறந்திருக்க வேண்டும். பத்து வினாடிக்குள் பற்றவில்லை என்றால் அடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி முயலுங்கள்.

காற்றையும் கவனியுங்கள். பெரும்பாலான அடுப்புகளின் பின்பக்கத்தில் புகையும் சூடும் போகும் இடைவெளி உண்டு. சோளகம் வீசும் மே முதல் செப்ரெம்பர் வரை அடுப்பின் முதுகைத் தென்மேற்குப் பக்கம் வைத்தால், காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்து சூட்டை முன்பக்கக் குமிழ்களுக்குத் தள்ளும், குமிழ் உருகிப்போகவும் கூடும். வாடைக் காலத்தில் திசை வடகிழக்கு. காற்று முதுகில் படாதபடி திருப்பி வையுங்கள். பக்கவாட்டில் பட்டால் பெரிதாகப் பாதகமில்லை.

வாங்க வேண்டிய சாமான்

வெப்பமானிதான் முதல். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் இலக்க வெப்பமானி ஒன்று, சில வினாடியில் எண் காட்டுவது. மூடியில் பொருத்தியிருக்கும் வட்ட வெப்பமானியை நம்பி சமைக்க முடியாது. அது மேலே இருக்கிறது, இறைச்சி கீழே இருக்கிறது, இரண்டுக்கும் இடையில் 20, 30 பாகை வித்தியாசம் சாதாரணம். புது வெப்பமானி சரியா என்று பார்க்க யாழ்ப்பாணம் வசதியான இடம். நாங்கள் கடல் மட்டத்தோடு இருக்கிறோம், கொதிக்கும் தண்ணீர் 100 பாகை காட்ட வேண்டும். 97 காட்டினால் மூன்று பாகை கூட்டிக் கணக்கெடுங்கள்.

இடுக்கி ஒன்று, நீளமானது, பூட்டும் ஸ்பிரிங் பலமானது. இறைச்சியை முள்ளுக்கரண்டியால் குத்திப் புரட்டினால் கொஞ்சம் சாறு வெளியே வரும்.

மீனுக்கு இரட்டைக் கம்பிக்கூடு வாங்கலாம். விளைமீனோ பாரையோ முழுதாகச் சுடும்போது தோல் கம்பித்தட்டில் ஒட்டிப் பிய்ந்துபோவதுதான் பெரிய எரிச்சல். கூட்டுக்குள் வைத்து அப்படியே புரட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை. கூட்டின் கம்பிக்கு எண்ணெய் பூசிவிடுங்கள். வாங்கும்போது ஒரு காந்தத்தைக் கொண்டு போங்கள். நல்ல எவர்சில்வரில் காந்தம் அநேகமாக ஒட்டாது. ஒட்டும் ரகம் மலிவு, ஆனால் கடற்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும். பாசையூர், குருநகர், பருத்தித்துறைப் பக்கம் வீடென்றால் இந்த வித்தியாசம் ஒரே மாரியில் தெரிந்துவிடும்.

கோழிக்கூட்டுக்கு அடிக்கும் நாகம் பூசிய வலையை வெட்டிக் கம்பித்தட்டாக வைப்பதைப் பார்த்திருக்கிறேன். மலிவுதான், ஆனால் செய்யாதீர்கள். நாகப் பூச்சு நெருப்பில் ஆவியாகும், அந்த ஆவி உடம்புக்குக் கெடுதல்.

புகைப்பெட்டி என்பது மூடியில் துளையுள்ள சின்ன உலோகப் பெட்டி. அதற்குள் மரச்சிராய் போட்டு பேர்ணருக்கு மேல் வைப்பார்கள். வார்ப்பிரும்பில் செய்தது நல்லது, சூடு சீராக ஏறும். ஆனால் இதற்காகக் கொழும்புக்கு ஓடர் கொடுக்கத் தேவையில்லை. பழைய சின்ன இரும்புத் தாச்சி ஒன்றும், அதற்குப் பொருந்தும் இரும்பு மூடி ஒன்றும் அதே வேலையைச் செய்யும். மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தால் போதும். மாப்பெட்டித் தகரத்தையும் மீன் ரின்னையும் பாவிக்காதீர்கள். வெளியே பெயின்ற், உள்ளே பூச்சு, அதுவும் சேர்ந்து புகையும்.

நீள எவர்சில்வர் குழாயில் அமுக்கிய மரக்குளிகை நிரப்பி, ஒரு முனையில் பற்றவைத்துப் படுக்கவைக்கும் புகைக்குழாய் என்றொன்று வருகிறது. வேலை செய்யும், பல மணி நேரம் புகைக்கும். சிக்கல், சமையலுக்கான மரக்குளிகை எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்காது. கொதிகலன் எரிக்கச் செய்த குளிகையை அதற்குப் பதில் போடக் கூடாது, அதில் என்ன மரம், என்ன பசை என்று யாருக்கும் தெரியாது. அனுப்புகிறேன் என்று யாராவது கேட்டால் குழாயை விட்டுவிட்டு வெப்பமானியை அனுப்பச் சொல்லுங்கள்.

கம்பித்தட்டு சுத்தம் செய்யும் கம்பித் தூரிகை வேண்டாம். உதிர்ந்த கம்பி சாப்பாட்டோடு போய்த் தொண்டையிலோ குடலிலோ குத்தி அறுவைச் சிகிச்சை வரை போன சம்பவங்கள் வெளிநாடுகளில் பதிவாகியிருக்கின்றன. தட்டு இளஞ்சூடாக இருக்கும்போது தேங்காய்ப் பொச்சைத் தண்ணீரில் தோய்த்து இடுக்கியால் பிடித்துத் தேய்த்தால் வேலை முடிந்தது.

சுழலும் கோழிக்கம்பி, பீட்சாக் கல், கைபேசிக்குச் செய்தி அனுப்பும் வெப்பமானி எல்லாம் ஆசைக்கு. மூங்கில் குச்சியில் இறாலும் கணவாயும் கோர்ப்பதென்றால் குச்சியை அரை மணி நேரம் ஊறவையுங்கள். அவ்வளவுதான்.

எந்த விறகு

வெளிநாட்டு அடுப்போடு வரும் கையேட்டில் ஹிக்கரி, அப்பிள், செரி என்றிருக்கும். அந்த மரங்கள் வளரும் ஊர்க்காரர் அவற்றைப் பாவிக்கிறார்கள். நாங்கள் எங்கள் மரங்களைப் பாவிக்கலாம். பொதுவான விதி: கனி தரும் கடினமான மரம், நன்றாகக் காய்ந்தது, பெயின்ற், வார்னிஷ், பூச்சிமருந்து எதுவும் படாதது.

மாமரம் எளிதாகக் கிடைப்பது, புகை மென்மையானது, கோழிக்கும் மீனுக்கும் ஒத்துப்போகும். பச்சை மாமரத்தின் பால் தோலைப் புண்ணாக்கும், ஆகவே பட்டையைச் சீவி, பிளந்து, நன்றாகக் காயவிட்ட பிறகே எடுங்கள். கொய்யா இன்னும் இனிமையானது. ஹவாயில் இறைச்சி புகைக்கக் கொய்யாவிறகும் பாவிக்கிறார்கள். எங்கள் வளவில் கவ்வாத்துப் பண்ணிய கொப்பை வேலியோரம் எறிவதற்குப் பதில் காயவைத்தால் போதும். புளி வலுவான மரம், சூடும் புகையும் கனதி. ஆட்டிறைச்சிக்குப் பொருந்தும், மீனுக்குக் கூடிப்போகும்.

தென்னஞ்சிரட்டையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லார் வீட்டிலும் இருப்பதால் முதலில் அதைத்தான் போடுவார்கள். சிரட்டையில் எண்ணெய்ப் பசை இருக்கிறது. பற்றியவுடன் கரும்புகை வரும், அந்தப் புகையில் கோழியை வைத்தால் கரிப்பிசின் படிந்து கசக்கும். சிரட்டை வேண்டுமென்றால் வெளியே தனியாக எரித்து, சுவாலை அடங்கித் தணலான பிறகு இரண்டு மூன்று துண்டைத் தாச்சியில் போட்டு, அதன்மேல் மாங்கொள்ளித் துண்டு ஒன்றை வையுங்கள். தணல் கொள்ளியை மெல்லப் புகைக்கவைக்கும். ஊமலும், அதாவது பனங்கொட்டைக் கோதும், இப்படித்தான். பனங்கிழங்கு பிடுங்கியபின் குவிந்து கிடக்கும் ஊமலைக் கரியாக்கி எரிப்பது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. பச்சையாகப் புகைக்கவிடாமல் தணலாக்கிப் பாவித்தால் அருமையான சூடு.

சரி, தொடக் கூடாதவை. வேலியில் கதியாலாக நிற்கும் சீமைக்கிளுவை வேண்டாம். அதன் பட்டையும் விதையும் எலி கொல்லப் பாவித்தவை. அலரி கடும் நஞ்சு. அதன் குச்சியில் இறைச்சி கோர்ப்பதும் கூடாது, அதன் புகையும் கூடாது. எருக்கு, கள்ளி போன்ற பால் வடியும் செடிகளும் அப்படியே. முந்திரி விதையின் கோதிலுள்ள எண்ணெய் தோலை எரிப்பது, அதை நெருப்பிலேயே போடாதீர்கள். வேம்பு நஞ்சில்லை என்பார்கள், ஆனால் அந்தக் கசப்புப் புகை நுளம்புக்கு நல்லது, கோழிக்கு நல்லதில்லை. மரக்காலைத் தூளும் வேண்டாம். பத்து வகை மரமும் வாளின் எண்ணெயும் அதில் கலந்திருக்கும். ஒட்டுப்பலகை, பெயின்ற் அடித்த பழைய யன்னல், சாமான் வந்த மரத்தட்டு இவற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

காய்ந்ததை எப்படி அறிவது? துண்டைக் கையில் எடுத்தால் பாரமில்லாமல் இருக்கும், வெட்டுமுகத்தில் வெடிப்பு ஓடியிருக்கும், இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டினால் மந்தமாக இல்லாமல் கணீரென்று கேட்கும். மாசியில் பிளந்து கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கினால் சோளகம் முடிவதற்குள் நன்றாகக் காய்ந்துவிடும். மாரிக்கு முன் சாக்கில் கட்டி உள்ளே வையுங்கள். பூஞ்சணம் பிடித்த துண்டை எறிந்துவிடுங்கள்.

அளவு: பெருவிரல் அளவுச் சிராய் என்றால் ஒரு முறைக்கு இரண்டு கைப்பிடி, அரை மணி நேரத்துக்குக் கிட்டப் புகைக்கும். பாதி உள்ளங்கை அளவுத் துண்டு என்றால் ஒன்று அல்லது இரண்டு, ஒரு மணி நேரம் வரை வரும். துண்டுதான் எனக்குப் பிடிக்கும், இடையில் மூடியைத் திறந்து நிரப்பும் வேலை குறைவு.

சிராயைத் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லிப் பலர் எழுதுகிறார்கள். மரத்துக்குள் தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் போகாது, மேற்பரப்பில் நிற்கும் ஈரம் ஆவியாகும்வரை புகை தாமதிக்கும், அவ்வளவே. முதலில் வரும் வெள்ளைப் படலம் பெரும்பாலும் நீராவி. காய்ந்ததையே போடுங்கள். தீப்பற்றாமல் பார்க்க வேண்டியது காற்றைக் குறைத்து, தண்ணீரை ஊற்றி அல்ல.

புகை ஏற்றும் முறை

மூன்று பேர்ணர் உள்ள அடுப்பை வைத்துச் சொல்கிறேன். இரண்டு பேர்ணர் என்றால் ஒன்றில் நெருப்பு, மற்றதில் சாப்பாடு.

1. கம்பித்தட்டில் ஒரு பக்கத்தைத் தூக்குங்கள். கீழே பேர்ணரை மூடிக் கூரைபோல வெப்பத்தகடுகள் இருக்கும். தாச்சியையோ புகைப்பெட்டியையோ ஒரு ஓரப் பேர்ணரின் தகட்டுக்கு நேர் மேலே வையுங்கள். இடம் போதாவிட்டால் கம்பித்தட்டின் மேலேயே வைக்கலாம், சூடேற நேரம் கூட எடுக்கும்.

2. மற்றப் பக்கத்தில், நெருப்பில்லாத பேர்ணர்களின் மேல், ஒரு தட்டையான பாத்திரத்தில் இரண்டு கோப்பை வெந்நீர் வையுங்கள். கொழுப்பு அதில் சொட்டும், அதன் ஆவி இறைச்சியின் மேற்பரப்பை ஈரமாக வைத்திருக்கும். புகை ஈரமான, குளிர்ந்த மேற்பரப்பில்தான் நன்றாகப் படியும். காய்ந்து தோல் இறுகிய இறைச்சியில் எவ்வளவு புகை விட்டாலும் பெரிதாக ஏறாது.

3. மூடியைத் திறந்தபடி அந்த ஓரப் பேர்ணரை மட்டும் பற்றவைத்து முழுச் சூட்டில் விடுங்கள். பிறகு மூடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூடியின் ஓரத்தால் புகை கசியும்.

4. புகை வரத் தொடங்கியதும் பேர்ணரை நடுவுக்கும் தணிவுக்கும் இடையில் கொண்டுவாருங்கள். கம்பித்தட்டின் மட்டத்தில் 110 முதல் 135 பாகைக்குள் இருந்தால் நிதானமான புகையூட்டல். கோழியின் தோல் மொறுமொறுப்பாக வேண்டுமென்றால் 150 முதல் 160 வரை போகலாம்.

5. புகையின் நிறத்தைப் பாருங்கள். அடர்ந்த வெள்ளையாகக் குபுகுபுவென்று வந்தால் விறகு திணறுகிறது, தாச்சியின் மூடியைக் கொஞ்சம் விலக்கிக் காற்று விடுங்கள். கறுப்பாக வந்தால் பிசினோ கொழுப்போ எரிகிறது. மெல்லிய, நீலம் கலந்த, கண்ணை உறுத்தாத புகை வந்த பிறகுதான் இறைச்சியை வைக்க வேண்டும். இந்தக் காத்திருப்பைத் தவறவிடுபவர்கள்தான் பிறகு கசக்கிறது என்கிறார்கள்.

6. இறைச்சியை நெருப்பில்லாத பக்கத்தில், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குளிரோடேயே வையுங்கள். மூடுங்கள். அப்புறம் திறக்காதீர்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடும் புகையும் ஒன்றாகப் போய்விடும், மறுபடி ஏறப் பல நிமிடம் எடுக்கும்.

7. முதல் அரை மணி முதல் ஒரு மணி நேரம்தான் புகைக்கு முக்கியம். அதன் பிறகு விறகு தீர்ந்தால் தீரட்டும், காஸ் மட்டுமே மிச்ச வேலையை முடிக்கும்.

இறைச்சி சுடும் கம்பித்தட்டின் கீழ் முழுவதும் அலுமினியத் தாள் விரிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு, கழுவும் வேலை மிச்சம் என்று. அது காற்றோட்டத்தை அடைக்கும், கொழுப்பு தேங்கித் தீப்பிடிக்கும். நேரடி நெருப்பில் சுடும்போது சூடான தகட்டில் கொழுப்பு சொட்டி ஆவியாகி மேலெழும்பும் மணம் இருக்கிறதே, அது புகைப்பெட்டியே இல்லாமல் கிடைக்கும் பாதிச் சுவை. அதையும் சேர்த்து அடைத்துவிடுவீர்கள்.

காஸ் எவ்வளவு போகும் என்று யோசிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பேர்ணர் முழுச் சூட்டில் சுமார் 3.5 கிலோவாற்று என்றால் மணிக்குக் கால் கிலோவுக்குச் சற்றுக் கூட எரிக்கும். தணித்து வைத்தால் அதிலும் குறைவு. 12.5 கிலோ சிலிண்டரில் மூன்று மணி நேரம் மெல்லப் புகைத்தாலும் ஒரு கிலோவைத் தாண்டாது. 5 கிலோ சிலிண்டரில் மூன்று பேர்ணரையும் ஒன்றாக முழுச் சூட்டில் நெடுநேரம் விட்டால் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் குறையும். புகையூட்டலுக்கு ஒரு பேர்ணர்தான் என்பதால் சின்னச் சிலிண்டரும் சமாளிக்கும்.

மூன்று சமையல்

கோழிக்கால். ஒரு கிலோவுக்கு 15 கிராம் உப்பு, உள்ளி, இஞ்சி, தேசிக்காய்ச் சாறு கொஞ்சம், யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய். இரவே புரட்டிக் குளிர்பெட்டியில் மூடாமல் வையுங்கள். வறுத்தரைத்த தூளுக்கு ஏற்கெனவே கருகல் மணம் இருப்பதால் அளவைக் கூட்டாதீர்கள், புகையோடு சேர்ந்து கடுக்கும். 150 பாகையில் மா அல்லது கொய்யாப் புகையில் 45 நிமிடம் அளவில் வெந்துவிடும். எலும்பில் படாமல் வெப்பமானியைக் குத்துங்கள். கோழி பாதுகாப்பாக வேக 74 பாகை போதும், ஆனால் கால்ப்பகுதிக்கு 80 தாண்டினால்தான் நார் இளகும். கடைசியில் நெருப்புப் பக்கத்துக்கு மாற்றி, தோல் பொன்னிறமாகும்வரை இரண்டு மூன்று நிமிடம். தோலுக்குக் கீழே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், புகையிலுள்ள வாயுக்கள் இறைச்சியின் நிறத்தைப் பிடித்து வைக்கும். வெப்பமானி சொல்வதை நம்புங்கள், நிறத்தை அல்ல. நாட்டுக்கோழி இந்த முறைக்கு ஒத்துவராது, அதைக் குழம்புக்கே விட்டுவிடலாம்.

விளைமீன். ஒரு கிலோவுக்குள் முழுமீன், செதிலும் குடலும் எடுத்தது, இரண்டு பக்கமும் கீறியது. உப்பு, மஞ்சள், மிளகுத்தூள் போட்டு, துடைத்து, மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் வையுங்கள். மேற்பரப்பு தண்ணீர் சொட்டாமல் லேசாகப் பிசுபிசுக்கும், புகை அதில் அழகாகப் பிடிக்கும். கம்பிக்கூட்டுக்குள் வைத்து, கொய்யாச் சிராய் ஒரு கைப்பிடி மட்டும் போட்டு, 160 பாகையில் 25 நிமிடம் அளவில். தடித்த இடத்தில் 63 பாகை வந்ததும் எடுங்கள். பாரையும் இப்படியே செய்யலாம். அறக்குளாவைத் துண்டமாக வெட்டினால் நேரம் பாதி. மீனுக்குப் புகை சீக்கிரம் ஏறும், அரைக் கைப்பிடி கூடினாலும் நெருப்புப் பற்றிய வீட்டு மணம்தான் மிஞ்சும்.

கத்தரிக்காய். மச்சம் விலக்கும் வெள்ளிக்கிழமையும் நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடியேறிய நாட்களும் அடுப்பு சும்மா நிற்கத் தேவையில்லை. திருநெல்வேலிச் சந்தையிலோ சுன்னாகத்திலோ பருத்த கத்தரிக்காய் வாங்கி, நல்லெண்ணெய் தடவி, கத்தியால் இரண்டு இடத்தில் குத்தி, முதலில் நேரடி நெருப்பில் தோல் கருகப் புரட்டுங்கள். பிறகு நெருப்பில்லாத பக்கத்தில் புகையோடு அரை மணி நேரம். அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்குக் குழையட்டும். தோலை உரித்து, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய், கெட்டித் தேங்காய்ப்பால் விட்டுப் பிசைந்தால் புட்டுக்கு வேறொன்றும் வேண்டாம். அதே புகையில் ஓரமாக ஒரு தட்டில் செத்தல் மிளகாயும் கல்லுப்பும் வைத்துவிடுங்கள். இடித்து வைத்தால் சம்பலுக்குப் பல நாள் வரும். மச்சம் சுட்ட தட்டில் சைவம் சுட ஒத்துக்கொள்ளாத வீடென்றால் கம்பித்தட்டு இன்னொன்று வாங்கிவிடுங்கள். உபசாமானில் இது மட்டும் வீட்டில் சண்டையைக் குறைக்கும்.

அடுப்பைப் பற்றவைக்க நேரமில்லாத நாளுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. சமைத்த இறைச்சிக் கறியின் நடுவே சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை வைத்து, சிவந்த சிரட்டைக்கரித் துண்டு போட்டு, அரைக் கரண்டி நெய் விட்டு, உடனே மூடுங்கள். மூன்று நிமிடம் போதும், ஐந்துக்கு மேல் விட்டால் கரி மணம் வரும். வட இந்தியச் சமையலில் இது பழைய பழக்கம். இதையும் யன்னல் திறந்த குசினியில் செய்யுங்கள்.

பிறகு

சுட்டு முடிந்ததும் முதலில் சிலிண்டரை அடையுங்கள். ரியூபில் இருக்கும் காஸ் எரிந்து தீர்ந்த பிறகு குமிழ்களை அடையுங்கள். தாச்சியில் தணல் பல மணி நேரம் உயிரோடு இருக்கும், காவோலையும் பன்னாடையும் கிடக்கும் முற்றத்தில் அதைக் கொட்டக் கூடாது. தண்ணீரில் அமிழ்த்துங்கள், வார்ப்பிரும்புப் பெட்டியென்றால் மட்டும் தானாக ஆறவிடுங்கள், திடீர்த் தண்ணீரில் வெடிக்கும்.

கம்பித்தட்டைத் தேய்த்தபின் இளஞ்சூட்டில் தேங்காயெண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். சூடு முழுதும் ஆறிய பிறகே உறை போடுங்கள். ஈரத்தோடு மூடினால் உறையே கறளுக்குக் காரணமாகிவிடும். மாரி நாட்களில் வாரம் ஒரு முறை உறையை எடுத்து வெயில் காட்டுங்கள்.

நெடுநாள் சும்மா நின்ற அடுப்பில் பேர்ணர் குழாய்க்குள் சிலந்தி வலை கட்டும், குளவி மண் வைக்கும். காஸ் போகும் வழி அடைபட்டு நெருப்பு பின்பக்கமாகத் திரும்பும். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகத் தள்ளாடினால் இதுதான் காரணமாக இருக்கும். சிலிண்டரைக் கழற்றி, பேர்ணரை வெளியே எடுத்து, மெல்லிய கம்பியில் துணி சுற்றி உள்ளே விட்டு இழுத்து, துளைகளை ஒவ்வொன்றாகக் குத்திச் சுத்தப்படுத்தி, மறுபடி பூட்டியதும் நுரைச் சோதனையை ஒரு முறை செய்துவிட்டுப் பற்றவையுங்கள்.